விந்தின் அளவு குறைவது ஏன்?

நம்மவர் நோயைப் பற்றிப் பேசத் தயங்குபவர் அல்லர். முழங்கால் வலியையும் மூல நோயையும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி, இறங்குவதற்குள் ஒரு கைமருந்தும் கேட்டு வந்துவிடுவர். ஆனால், ஆண்மையைச் சார்ந்த குறை என்றால் மட்டும் வாய் அடைத்துப்போகும். நண்பனிடம் சொல்வதில்லை, மனைவியிடம் சொல்வதில்லை, டாக்டரிடமும் சொல்வதில்லை. சொல்லப்படாத குறை இருளில் வளர்கிறது. அந்த இருளைப் பயன்படுத்திப் பிழைப்போரும் நாட்டில் உளர்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். முப்பத்து நான்கு அகவை. செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். நெடுநேரம் பள்ளியைப் பற்றியும், தோட்டத்தை விட்டுப் போனவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போகும் நேரத்தில் வாசலில் நின்று, "சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், யாரிடமும் கேட்க முடியவில்லை" என்றார். மணமாகி நான்கு ஆண்டுகள்; குழந்தை இல்லை. அவருடைய மனைவி மூன்று முறை மருத்துவமனைக்குச் சென்று எல்லாச் சோதனைகளும் செய்துகொண்டுவிட்டார். அவரிடம் குறை ஒன்றும் காணப்படவில்லை. கணவரோ ஒரு முறையும் போகவில்லை. ஏறக்குறைய ஓராண்டாகத் தமக்கு விந்து வெளிப்படுவது மிகவும் குறைந்து, இப்போது ஒரு சொட்டு வந்தாலே பெரிது என்ற நிலையில் இருப்பதை அவர் தம் மனைவியிடமும் வாய்விட்டுப் பேசவில்லை. பட்டணத்தில் ஒருவரிடம் லேகியம் வாங்கி ஏழு மாதம் தின்றிருக்கிறார். வீட்டில் தாயாரோ மருமகளை மலடி என்கிறார்.

அவருக்கு நான் சொன்ன மறுமொழியைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன், அவரைப் போன்ற பலர் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை முறையாகக் காண்போம்.

விந்து என்பது யாது?

விந்து ஒரே இடத்தில் ஊறும் ஒரே நீர் அன்று. பல இடங்களில் சுரந்து, வெளிப்படும் நேரத்தில் ஒன்றுசேரும் கலவை அது. விரைகளில் உண்டாகும் விந்தணுக்களும் அவற்றோடு வரும் நீரும் மொத்த அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஆகும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பையின் பின்புறத்தே உள்ள இரண்டு விந்துப்பைகளிலிருந்து வருகிறது. விந்தணுவுக்கு உணவாகும் பழச் சர்க்கரை இந்த நீரில்தான் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பங்கு, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி அமைந்துள்ள புராஸ்டேட் சுரப்பியினுடையது. வழியை வழுவழுப்பாக்கும் சில துளிகள் வேறு இரு சிறு சுரப்பிகளிலிருந்து வருகின்றன.

இவ்வமைப்பை மனத்தில் கொண்டால் ஓர் உண்மை உடனே விளங்கும். விந்தின் அளவு பெரும்பாலும் விந்துப்பைகளையும் புராஸ்டேட்டையும் பொறுத்தது. விந்தணுக்களின் எண்ணிக்கையோ விரைகளைப் பொறுத்தது. அளவு வேறு, எண்ணிக்கை வேறு.

பால் மரம் வெட்டிய நம் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும், நிறுவை இடத்தில் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்து, அதில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் உள்ளது என்பதைக் கணக்கிட்டுத்தான் கூலி போட்டார்கள். மழைநீர் கலந்த நிறை வாளியைவிடக் கெட்டியான அரை வாளிக்கு மதிப்பு அதிகம். விந்தும் அத்தகையதே. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக விந்துக் குழாயை வெட்டிக் கட்டிக்கொண்ட ஆண்களுக்கு விந்தின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைவதில்லை. ஆயினும் அதில் விந்தணு ஒன்றும் இராது.

நாற்பது சொட்டு இரத்தமா?

உணவிலிருந்து தொடங்கி ஏழு தாதுக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக விளைகின்றன என்றும், அவற்றுள் இறுதியானது சுக்கிலம் என்றும் பழைய மருத்துவம் கூறிற்று. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் எழுந்த கருத்து அது. அதன் வழியே, பல சொட்டு இரத்தம் சுண்டித்தான் ஒரு சொட்டு விந்து ஆகிறது என்னும் நம்பிக்கை ஊரெங்கும் பரவிற்று. நாற்பது என்பார் சிலர். நூறு என்பார் சிலர். இரத்தம் எலும்பு மச்சையில் உண்டாவது. விந்து மேற்சொன்ன சுரப்பிகளில் ஊறுவது. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. விந்து வெளியேறுவதால் இரத்தம் குறைவதும் இல்லை. உடல் உருகுவதும் இல்லை.

இந்த அச்சத்தால் உடல் சோர்ந்து, உறக்கம் கெட்டு, மனம் தளர்ந்து வரும் இளைஞர்களைக் கண்ட இந்திய மனநல மருத்துவர் என். என். விக் என்பவர், 1960ஆம் ஆண்டில் அந்நிலைக்குத் 'தாத்து' நோய்க்குறி எனப் பெயரிட்டார். அவர்களைப் பிடித்திருந்த நோய் விந்திழப்பு அன்று. விந்திழப்பைப் பற்றிய அச்சமே.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், தோட்டத்து இளைஞர் மன்றக் கூட்டம் ஒன்றில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியபோது, நானும் அந்த இரத்தக் கணக்கைச் சொல்லி இளைஞர்களை அச்சுறுத்தினேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னதை ஆராயாமல் திருப்பிச் சொன்னேன். நல்லொழுக்கத்தைப் பொய்யின் துணைகொண்டு கற்பிக்கலாகாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

எவ்வளவு இருந்தால் போதும்?

உலகச் சுகாதார நிறுவனம் விந்துச் சோதனைக்கான கையேட்டை 1980ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. அதன் ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது. மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆண்களின் விந்தை அளந்து, அதில் அளவுகள் தரப்பட்டுள்ளன. அவர்களுள் நடுவில் நிற்பவரின் அளவு சுமார் 3 மில்லி லிட்டர்; அஃதாவது, மருந்து குடிக்கும் 5 மில்லி லிட்டர்க் கரண்டியில் பாதிக்குச் சற்று மேல். கீழ் எல்லையாகக் கொள்ளப்படுவது 1.4 மில்லி லிட்டர். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் இது 1.5 ஆகவும், 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் 2 ஆகவும் இருந்தது.

கீழ் எல்லை என்பதன் பொருளை நன்கு உணர வேண்டும். தந்தையரான அந்த ஆண்களிலேயே இருபதில் ஒருவருக்கு அளவு 1.4க்கும் கீழாகத்தான் இருந்தது. ஆகவே, அந்த எண்ணுக்குக் கீழே போனவர் தந்தையாக இயலாதவர் என்பதன்று. காரணத்தை ஆராய வேண்டியவர் என்பதே பொருள்.

காரணங்கள் பல. ஆயினும் அவற்றை நான்கு கேள்விகளில் அடக்கிவிடலாம். வந்தது முழுவதும் சேர்ந்ததா? நீர் போதிய அளவு ஊறுகிறதா? ஊறிய நீர் வரும் வழி திறந்திருக்கிறதா? திறந்த வழியில் நேராக வருகிறதா? இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற் கேள்வி: முழுவதும் சேர்ந்ததா?

சோதனையில் அளவு குறைந்து காணப்படுவதற்கு மிகச் சாதாரணமான காரணங்கள் இரண்டு. இரண்டும் நோய் அல்ல. முதலாவது, முந்திய வெளிப்பாட்டுக்குப் பின் போதிய நாள் கழியாமை. சுரப்பிகள் மீண்டும் நிறையக் காலம் வேண்டும். நேற்றும் இன்றும் வெளிப்பட்டால் இன்றைய அளவு குறையத்தான் செய்யும். இதனாலேயே சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாளும், மிகுந்தால் ஏழு நாளும் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, கலத்தில் முழுவதும் சேராமை. மருத்துவமனையின் சிறு அறையில், வெளியே பலர் காத்திருக்க, பதற்றத்தோடு எடுக்கும்போது ஒரு பகுதி சிந்திப்போவது உண்டு. முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் மிகுதி. அதைச் சிந்திவிட்டு எஞ்சியதைக் கொடுத்தால், சோதனை முடிவு தவறான எண்ணத்தையே தரும். சிந்தியிருந்தால் வெட்கப்படாமல் அதை அங்குள்ளவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு சோதனையை மட்டும் வைத்து எந்த நல்ல மருத்துவரும் முடிவு கட்டமாட்டார். சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்.

இரண்டாம் கேள்வி: நீர் ஊறுகிறதா?

விந்துப்பைகளும் புராஸ்டேட்டும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் ஆணைக்கு உட்பட்டவை. அது குறைந்தால் இவை சுருங்கும். ஊறும் நீரும் குறையும். டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்குபவை விரைகள். அவற்றை ஏவுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. எனவே, விரைகளுக்கு நேர்ந்த ஊறு, பிட்யூட்டரியில் தோன்றும் கட்டி, பிறவியிலேயே அமைந்த மரபணு மாற்றம் ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். மிகுந்த உடற்பருமனும், நீண்ட நாள் மிகுதியாகக் குடிப்பதும் இந்த இயக்குநீரைக் குறைக்கின்றன. இக்குறை உள்ளவருக்கு விந்து குறைவது மட்டுமன்றி, ஆசை குறைதல், சோர்வு, முகமயிர் மெலிதல் முதலிய அறிகுறிகளும் தோன்றலாம்.

அகவை ஏறுவதும் ஒரு காரணமே. நடு அகவையைக் கடந்த ஆணுக்கு விந்தின் அளவு சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. அறுபது அகவையில் இருபதைத் தேடுவது வீண் முயற்சி.

ஈண்டு இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக வேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோனையும் அதன் இனத்து ஸ்டீராய்டுகளையும் ஊசியாகப் போட்டுக்கொள்பவர் உளர். ஆண்மைக்குரிய இயக்குநீர்தானே, நல்லது என்று நினைக்கின்றனர். வெளியிலிருந்து அது வந்து சேர்ந்ததும், பிட்யூட்டரி விரைகளை ஏவுவதை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன; விந்தணு உண்டாவது குறைந்து, சிலருக்கு அறவே நின்றுபோகிறது. விந்தின் அளவோ பெரிதும் மாறாமல் இருக்கலாம். ஆதலால், அவர்கள் தம் இழப்பைத் தாமே அறியமாட்டார்கள்.

மூன்றாம் கேள்வி: வழி திறந்திருக்கிறதா?

விந்துப்பையின் நீரும் விந்தணுவும் சேர்ந்து, புராஸ்டேட்டின் ஊடே செல்லும் மெல்லிய இரு குழாய்களின் வழியே வெளிப்படுகின்றன. இக்குழாய்கள் இரண்டும் அடைபட்டால் வெளிவருவது புராஸ்டேட்டின் நீர் மட்டுமே. அப்போது அளவு குறைகிறது, விந்தணு இல்லை, பழச் சர்க்கரை இல்லை. இயல்பான விந்து காரத்தன்மை உடையது. அத்தன்மையைத் தருவது விந்துப்பையின் நீராதலால், அடைப்பு உள்ளவருடைய விந்து அமிலத்தன்மை பெற்றிருக்கும். இவ்வாறு நான்கு அடையாளங்களும் ஒருங்கே காணப்பட்டால், அடைப்பு எங்கே என்பதை மருத்துவர் ஊகித்துவிடுகிறார்; பின்னர் ஒலியலைப் படம் எடுத்து உறுதி செய்கிறார்.

அடைப்பு உண்டாவதற்குப் பிறவியில் அமைந்த சிறு நீர்க்கட்டி காரணமாகலாம். வெட்டை நோய், கிளமிடியா முதலிய பால்வினைத் தொற்றுகளைக் கவனியாமல் விட்டதனால் ஏற்பட்ட தழும்பு காரணமாகலாம். நுரையீரலை மட்டுமே தாக்கும் என்று நாம் எண்ணும் காசநோயும் இவ்வுறுப்புகளில் இறங்கித் தழும்பை உண்டாக்குவது உண்டு. சில அடைப்புகளை அறுவையால் நீக்கலாம்.

வேறு சிலருக்கு விந்துக் குழாய்கள் பிறவியிலேயே அமைந்திருப்பதில்லை; விந்துப்பைகளும் பெரும்பாலும் குறைப்பட்டே இருக்கும். 1989இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரபணுவின் மாற்றம் இவர்களுள் பலரிடம் காணப்படுகிறது. விரைகள் விந்தணுவை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும்; வெளியே வர வழிதான் இல்லை. விரையிலிருந்தே விந்தணுவை ஊசியால் எடுத்து, உடலுக்கு வெளியே கருவூட்டும் முறை இன்று உண்டு.

நான்காம் கேள்வி: நேராக வருகிறதா?

இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்; நம் சமுதாயத்துக்கு இது மிகவும் நெருங்கிய செய்தி.

சிறுநீரும் விந்தும் கடைசியில் ஒரே பாதையில் வருகின்றன. அந்தப் பாதை தொடங்கும் இடம் சிறுநீர்ப்பையின் கழுத்து. விந்து வெளிப்படும் கணத்தில் நரம்புகள் கட்டளையிட, அந்தக் கழுத்து இறுக மூடிக்கொள்ளும். பின்வழி அடைபட்டதனால் விந்து முன்னோக்கிப் பாய்கிறது. கழுத்து மூடாமல் போனால், விந்து எளிதான வழியை நாடிப் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். இன்பம் குறைவதில்லை, ஆனால் வெளியே ஒன்றும் வராது, அல்லது சில துளிகளே வரும். அடுத்து கழிக்கும் சிறுநீர் கலங்கி இருக்கும். உடலுக்கு இதனால் தீங்கு இல்லை. சிறுநீரோடு அது வெளியேறிவிடும். மகப்பேற்றுக்குத்தான் தடை.

கழுத்து ஏன் மூடாமல் போகிறது? முதல் காரணமாக நினைக்கத்தக்கது, நாம் இனிப்புநீர் என்று சொல்லும் நீரிழிவு. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்திருந்தால், கால் நரம்புகளை மரக்கச் செய்வது போலவே, சிறுநீர்ப்பையின் கழுத்தை ஆளும் நரம்புகளையும் அது கெடுக்கிறது. மலேசிய அரசாங்கத்தின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 அகவை நிரம்பியவர்களுள் நீரிழிவு உள்ளவர்கள் 2019இல் 18.3 விழுக்காட்டினர், 2023இல் 15.6 விழுக்காட்டினர். பேரினங்களுள் இந்தியரிடையேதான் இது மிகுதி. கால் புண்ணுக்கும் கண் மங்கலுக்கும் அஞ்சுகிறோம். பிள்ளை பெறும் அகவையில் உள்ள ஆணுக்கு இப்படியும் ஒரு கேடு அதனால் நேரலாம் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது.

முதுகுத் தண்டில் ஏற்பட்ட காயம், புராஸ்டேட் வீக்கத்துக்காகச் செய்துகொண்ட அறுவை, வயிற்றின் பின்புறத்தில் நிணநீர்க் கணுக்களை அகற்றிய அறுவை ஆகியவையும் இந்நிலையை உண்டாக்கக்கூடும். இதனைக் கண்டறிவது எளிது. விந்து வெளிப்பட்ட பின் கழிக்கும் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால், அதில் விந்தணுக்கள் காணப்படும்.

மருந்தே காரணமாவது

உட்கொள்ளும் மருந்துகளாலும் அளவு குறையலாம். அகவை முதிர்ந்த ஆண்களுக்குச் சிறுநீர் தடையின்றிக் கழியக் கொடுக்கப்படும் டாம்சுலோசின், சிலோடோசின் முதலியவை சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தளர்த்துகின்றன. அதனால் விந்து குறையும், அல்லது வெளிவராமலே போகும். புராஸ்டேட் வீக்கத்துக்கும் வழுக்கைக்கும் கொடுக்கப்படும் ஃபினாஸ்டிரைடு, புராஸ்டேட்டைச் சுருக்குவதனால் அளவைக் குறைக்கக்கூடும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் வெளிப்பாட்டைத் தாமதப்படுத்தும், தடுக்கவும் கூடும். மருந்தை மாற்றினால் இவற்றுள் பெரும்பாலானவை சரியாகும். ஆனால், தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்று வழி காண்பார்.

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டையும் விந்துப்பைகளையும் முழுதாக அகற்றிக்கொண்டவருக்கு, நீர் ஊறும் உறுப்புகளே இல்லையாதலால் விந்து வெளிப்படாது. மேலும் பிள்ளை வேண்டுமென விரும்புவோர், அறுவைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கும் வழியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலத்தின் மேல் போட்ட பழி

1677ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டின் டெல்ஃப்டு நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக் என்பவர், தாமே செய்த நுண்ணோக்கியில் விந்தணுக்களைக் கண்டு, அதனை இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். பெண்ணின் கருமுட்டையை அறிய உலகம் மேலும் 150 ஆண்டுகள் காத்திருந்தது. பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் ஃபான் பேயர் கண்டறிந்தார். விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாவதைக் கடல் முள்ளெலியிடம் 1876இல் ஹெர்ட்விக் கண்டார். தாயும் தந்தையும் சரிபாதி என்பது அதன் பின்னரே ஐயமற விளங்கிற்று.

அதற்கு முன் உலகின் பல பகுதிகளிலும் விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்றே நம்பினர். விதையின் பெருமையை ஆணுக்குக் கொடுத்தவர்கள், பயிர் விளையாதபோது நிலத்தை மட்டுமே பழித்தனர். விதையைச் சோதித்துப் பார்த்தவர் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடநூல்களில் இருக்கும் உண்மை நம் வீடுகளுக்குள் இன்னும் நுழையவில்லை. குழந்தையில்லாத இணைகளுள் ஏறத்தாழ பாதிப் பேரிடம், ஆணின் குறை தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காரணமாக இருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பல. அவற்றுள் சில வலி தருபவை. ஆணுக்குச் செய்யும் முதற் சோதனையோ வலியற்றது, எளியது. முறைப்படி இருவரும் ஒருங்கே சோதித்துக்கொள்ள வேண்டும்.

லேகியமும் சட்டமும்

விந்தைப் பெருக்கும் என்று விற்கப்படும் லேகியம், மாத்திரை, காப்பித்தூள் எதுவும் மேற்கூறிய நான்கு கேள்விகளுள் ஒன்றையேனும் கேட்பதில்லை. அடைபட்ட வழியை லேகியம் திறக்காது. மூடாத கழுத்தை அது மூடாது. போதாக்குறைக்கு, இத்தகைய பதிவில்லாப் பொருள்கள் பலவற்றில் சில்டெனாஃபில், டாடலாஃபில் முதலிய மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துள்ளது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் இவற்றை அறியாமல் தின்றால், இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாலுறவு ஆற்றலைப் பெருக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதை, 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இந்நாட்டில் தடை செய்கிறது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு ஒட்டுத்தாளும் இருக்கும். இவை இல்லாததை வாங்காதீர்கள். இருப்பதையும் மருத்துவரிடம் கேளாமல் வாங்காதீர்கள்.

யாவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

விந்தின் அளவு திடீரெனக் குறைந்து, அந்நிலை நீடிப்பவர், வெளிப்பாடே இல்லாதவர், வெளிப்பட்ட பின் சிறுநீர் கலங்குபவர், விந்தில் இரத்தம் காண்பவர், வலியோ எரிச்சலோ விரையில் கட்டியோ உடையவர், ஓராண்டு முயன்றும் குழந்தை உண்டாகாதவர். இவர்கள் தாமதிக்கலாகாது. மனைவியின் அகவை முப்பத்தைந்தைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். அதற்கு மேல் காத்திருக்க வேண்டா. மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள். 1966இல் நிறுவப்பட்ட தேசிய மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் மகப்பேறின்மைக்கு மருத்துவ உதவி அளித்து வருகிறது.

போகும்போது உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய அறுவைகளையும், நீரிழிவையும், இளமையில் வந்த தொற்றையும் மறைக்காதீர்கள். மருத்துவர் கேட்பது பழிப்பதற்காக அன்று. அந்த நான்கு கேள்விகளுள் எதற்கு விடை என்று காண்பதற்காகவே.

அந்த மாணவரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, உனக்கு இனிப்புநீர் உண்டா?" எட்டு ஆண்டுகளாக உண்டு என்றார். மாத்திரையை நினைத்தால் போடுவார். லேகியம் வாங்கிய பின் அதையும் நிறுத்திவிட்டார். லேகியத்தை எறிந்துவிட்டு அதே வாரத்தில் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். சென்றார். சிறுநீரைச் சோதித்தபோது அதில் விந்தணுக்கள் இருந்தன. விந்து ஊறாமல் இல்லை. வழி தவறிப் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறார்கள், கழுத்தை இறுக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். கெட்ட நரம்பு முழுதும் திரும்பும் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை. மருந்து பயன் தராவிட்டால், சிறுநீரிலிருந்து விந்தணுவைப் பிரித்தெடுத்துக் கருவூட்டலாம் என்றிருக்கிறார்.

குழந்தை இன்னும் உண்டாகவில்லை. ஆயினும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலையே அவர் தம் தாயாரை உட்காரவைத்து, மனைவியும் கேட்க, "அம்மா, குறை என்னிடந்தான், இனி அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்று கூறிவிட்டாராம். இதை என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் வெட்கம் இல்லை. மாத்திரை தவறாமல் போடுகிறாயா என்று கேட்டேன். மனைவியே எடுத்துக் கொடுக்கிறார் என்றார்.